பி பிளாக்கில் பச்சை விளக்கு

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் குமரகுருவுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. சூடு பிடித்திருக்கிறது என்றாள் வசுமதி. அவனும் அதையே நம்பினான்; நம்புவதுதான் சௌகரியமாக இருந்தது. பம்பு செட் கம்பெனியில் மண்டல மேலாளர் வேலை. வெயிலில் செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் டீலர் கடை கடையாக ஏறி இறங்குகிறவனுக்குச் சூடு பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

"காலை நீட்டுங்க" என்றாள் வசுமதி. வங்கியிலிருந்து வந்தவள் புடவைகூட மாற்றவில்லை. வெற்றிலைக் கடையில் வாங்கி வந்த சுண்ணாம்பை இரண்டு கால் கட்டைவிரல் நகத்திலும் தடவி, அது காயும்வரை அவன் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். "ஃப்ரிட்ஜ்ல இளநி இருக்கு. ராத்திரி வெந்தயம் ஊறப் போடறேன். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

நம் ஊரில் ஆண் உடம்புக்கு வருகிற பாதி நோய்க்குச் சூடு என்றுதான் பெயர். சூடு யாரிடமிருந்தும் ஒட்டிக்கொள்ளாது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டு மோர் குடிக்கலாம். குமரகுருவும் இரண்டு வாரம் மோர் குடித்தான். கோவாவில் நடந்த டீலர்கள் மாநாட்டையும், அதன் கடைசி இரவையும், பெயரைக்கூட முழுதாகச் சொல்லாமல் போன ஒரு பெண்ணையும் நினைவுக்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டான். அந்த இரண்டு வாரமும் மனைவியோடு வழக்கம்போலவே இருந்தான்.

உள்ளாடையில் மஞ்சள் கறையைப் பார்த்த பிறகுதான், தாம்பரத்தில் தெரிந்தவர் யாரும் வராத ஒரு சந்தில் டாக்டர் ரெஜினாவின் கிளினிக்கைத் தேடிப் போனான். ஐம்பது வயதுக்காரர். கேள்விகளை முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார். பரிசோதனை முடிவு வந்ததும் அதே தொனியில் சொன்னார்.

"கொனோரியா. பழைய ஆளுங்க வெட்டைன்னு சொல்வாங்க. முன்னெல்லாம் ஒரே ஊசியில போயிடும். இப்ப சுத்திட்டிருக்கிற கிருமி அந்த ஊசிக்கு அசையறதில்ல. ஊசி, மாத்திரை ரெண்டும் சேர்த்து சில வாரம் ஆகும். ஆனா குணமாயிடும். இடிஞ்சு போய் உக்காராதீங்க. இது ஒண்ணும் உலகத்துல யாருக்கும் வராத வியாதி இல்ல."

குமரகுரு தலையாட்டினான்.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"அவ நல்லாத்தான் இருக்கா டாக்டர். அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"பொம்பளைங்களுக்குப் பாதிப் பேருக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது. சத்தமில்லாம கர்ப்பப்பைக்கும் அதோட குழாய்க்கும் ஏறிடும். குழந்தைங்க?"

இல்லை என்றான். கல்யாணமாகி ஒன்பது வருடம். மூன்று வருடமாகச் சிகிச்சை. நகரத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் அவர்களுடைய கரு ஒன்றை உறைய வைத்திருக்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள், ஆனியிலேயே வசுமதியின் வயிற்றில் வைத்துவிடலாம் என்று மாமியார் நாள்கூடப் பார்த்து வைத்திருக்கிறார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை கரு இருக்கு?"

"ஒண்ணுதான்."

"அப்ப கேளுங்க. உள்ள கிருமியை வச்சுக்கிட்டு அதை வச்சா நிக்கறது கஷ்டம். நின்னாலும் குழந்தைக்கு ஆபத்து. அந்த நாளுக்கு முன்னாடி அவங்களைப் பரிசோதிச்சே ஆகணும், இருந்தா மருந்து குடுத்தே ஆகணும். நீங்க சொல்றீங்களா, நான் கூப்பிட்டுப் பேசட்டுமா?"

"நானே சொல்லிடறேன் டாக்டர்."

"எங்க குடியிருக்கீங்க?"

"பெரும்பாக்கம் பக்கம். வைகறை அடுக்ககம்."

"குழாய்மானி வச்ச கட்டடமா?"

"நான்தான் டாக்டர் வச்சேன். எங்க சங்கத்துக்கு நான்தான் செயலாளர்."

டாக்டர் சிரித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

குழாய்மானி என்பது ஒரு சின்னப் பெட்டி. கட்டடத்தின் கழிவறைக் குழாய் கீழே இறங்குகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிற கழிவில் என்னென்ன கிருமி இருக்கிறது என்று படித்துச் சொல்லும். ஊரெல்லாம் மஞ்சள் காமாலை பரவிய வருடத்தில் அது வந்தது. நல்ல காரியத்துக்குத்தான் வந்தது. எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தார்கள். பிறகு ஒவ்வொரு நோயாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனார்கள். காமாலை, டைபாய்டு, காசநோய், அப்புறம் அந்த வாரம்தான் இதுவும். நோய் இருந்தாலும் சிவப்பு விளக்கு, அந்த நோய்க்கான மருந்து சிறுநீரில் போனாலும் சிவப்பு விளக்கு. ஒருமுறை சிவப்பு எரிந்தால் அந்த மாதம் முடிகிறவரை அணையாது. யார் என்று சொல்லாது. அது சட்டம். எட்டு வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு விளக்கு. லிஃப்ட் பக்கத்துச் சுவரில், பிள்ளையார் படத்துக்குக் கீழே அந்த விளக்குப் பலகை இருந்தது.

பம்பும் குழாயும் அறிந்தவன் என்பதால் குமரகுருதான் முன்னால் நின்று எல்லாவற்றையும் செய்தான். ஒரே ஒரு மாற்றம் மட்டும் சங்கத் தலைவர் சபேசன் சொன்னார். கார் நிறுத்துமிடத்தில், வேலைக்கு வருகிற பெண்களுக்கும் காவலாளிக்கும் என்று ஒரு கழிவறை உண்டு. வீடுகளில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக் கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்பது அங்கே எழுதாத விதி. "அவங்களோடது நம்ம கணக்குல வரக்கூடாது" என்றார் சபேசன். குமரகுரு அந்தக் கழிவறைக்குத் தனிக் குழாய் போட்டுத் தனித் தொட்டியில் இறக்கினான். அன்று எல்லோரும் அவன் மூளையைப் பாராட்டினார்கள்.

கிளினிக்கிலிருந்து அவன் திரும்பியபோது விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. கீழே சின்னத் திரையில் கொனோரியா என்று எழுதியிருந்தது. சங்கத்துக் குழுவில் அதற்குள் நாற்பது செய்திகள். கொசு மருந்து அடிக்கச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். குடிநீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதமாகிறது என்று இன்னொருவர். அதன் அர்த்தத்தை யாரோ தேடிப் பார்த்து எழுதிய பிறகு குழுவே அமைதியானது. சற்றுப் பொறுத்து சபேசன் ஒரு வரி போட்டார்: ஞாயிறு காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம்.

கூட்டம் மொட்டை மாடிப் பந்தலில் நடந்தது. ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் தாமாகவே உட்கார்ந்துகொண்டார்கள். சபேசன் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். எதையும் கனைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்.

"பேர் சொல்லிப் பேச விரும்பல. ஆனா எட்டு வீட்ல ஏழு வீடு குடும்பம். அவ்வளவுதான் சொல்வேன்."

எட்டாவது வீட்டில் மூன்று இளைஞர்கள் வாடகைக்கு இருந்தார்கள். மூவரும் கம்ப்யூட்டர் கம்பெனி. அவர்களில் ஜெபசிங் என்கிற நாகர்கோவில் பையன் எழுந்தான்.

"சார், நாங்க மூணு பேரும் நாளைக்கே டெஸ்ட் எடுத்துட்டு வாறோம். மத்த ஏழு வீட்லயும் எடுப்பீங்களா?"

"தம்பி, இது குடும்பம் நடத்தற எடம். யார்கிட்ட பேசறோம்னு பாத்துப் பேசணும்."

"குடும்பத்துல இருக்கவங்களுக்கு இது வராதா சார்?"

ஒரே கூச்சல். ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சபேசன் கையமர்த்திவிட்டுக் குமரகுருவைப் பார்த்தார். "செயலாளர் என்ன சொல்றீங்க? உங்களுக்குத்தான் டெக்னிக்கலா தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். பின் வரிசையில் வசுமதியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லத் தெரியவில்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தேகூட இருந்திருக்கலாம். இந்த இடத்திலிருந்து தப்பித்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

"பொதுவா பாத்தா, வெளியாளுங்க வந்து போறது பேச்சிலர்ஸ் வீட்லதான் அதிகம்" என்றான்.

அவ்வளவு போதுமாயிருந்தது. பையன்கள் மறுநாளே சுத்தமான அறிக்கைகளோடு வந்தார்கள். "இப்பல்லாம் எந்த ரிப்போர்ட்டை நம்பறது" என்று சபேசன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரிடம் பேசி மாதக் கடைசிக்குள் காலி செய்ய வைத்தார்கள். மெத்தைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஜெபசிங், அலுவலகத்துக்குக் கிளம்பிய குமரகுருவைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தான். திட்டப் போகிறான் என்று குமரகுரு நினைத்தான்.

"இது உள்ளவன் இந்த பில்டிங்லதான் இருக்கான் சார். எங்களைத் தொரத்தினதோட அவன் சும்மா இருந்திரக் கூடாது. வைத்தியம் பாக்கணும். அதை மட்டும் குரூப்ல எப்படியாவது போட்டுருங்க."

சரி என்றான் குமரகுரு. போடவில்லை.

கூட்டம் நடந்த நாளிலிருந்தே அவன் வீட்டுக் கழிவறையைத் தொடுவதை நிறுத்தியிருந்தான். அவன் உடம்பிலிருந்து ஒரு சொட்டுகூட அந்தக் குழாயில் இறங்கக் கூடாது. பகலில் அலுவலகம், வழியில் பெட்ரோல் பங்க். விடிகாலையில் நடைப்பயிற்சி என்று செருப்பை மாட்டிக்கொண்டு, வேலைக்காரப் பெண்கள் வருமுன் கீழே இறங்கி, அவனே தனிக் குழாய் போட்டுக் கொடுத்த அந்தக் கழிவறைக்குள் நுழைந்துகொள்வான். இரவு ஒரு அவசரமென்றால் பிளாஸ்டிக் பாட்டில். அதை லேப்டாப் பையில் மறைத்து வைத்துக் காலையில் கீழே கொண்டுபோய்க் கொட்டுவான். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பொழுது சாய்ந்த பிறகு ஒரு வாய் குடிக்கப் பயந்தான். மனைவிக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று அவ்வப்போது வீட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சும்மா நின்றுவிட்டு, ஃப்ளஷ்ஷை அழுத்தி வெறும் தண்ணீரை விட்டு வெளியே வந்தான். சொந்த வீட்டில், சொந்தக் காசில் டைல்ஸ் போட்ட அறையில் ஒரு மனிதன் நாடகம் ஆடிக்கொண்டிருந்தான்.

வசுமதி அப்போது அடுத்த அறையில் தனியாகப் படுக்க ஆரம்பித்திருந்தாள். "கரு வைக்கற வரைக்கும் தனியா இருக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். பெரிய கண்டம் தாண்டியதுபோல் இருந்தது அவனுக்கு. அவளிடமிருந்து விலகிப் படுக்க என்ன காரணம் சொல்வது என்று அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த நேரம் அது.

பையன்கள் போன மூன்றாம் நாள் விளக்கு பச்சையானது. சபேசன் மைசூர்பாகு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். "பாத்தீங்களா? சந்தேகமே வேண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்று குமரகுருவின் கையில் இரண்டு துண்டு வைத்தார். அவன் நின்ற இடத்திலேயே தின்றான். நன்றாகத்தான் இருந்தது.

பச்சையைப் பார்த்தபோது முதலில் வெட்கமும், அது அடங்கியதும் ஒரு கணக்கும் மனதில் ஓடின. நான் குழாயை விட்டு விலகிவிட்டேன். ஆனால் வசுமதி அதே வீட்டில், அதே குழாயில்தானே இருக்கிறாள்? அவளுக்கு நோய் இருந்தால் சிவப்புதானே எரிய வேண்டும்? பச்சை என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை. கிருமி அவளைத் தொடவில்லை. அவனே பொருத்திய கருவி அவனுக்காகச் சாட்சி சொல்கிறது. அப்புறம் எதற்குச் சொல்லி, ஒன்பது வருட வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்த ஊசிக்குப் போனபோது இதையே டாக்டரிடம் சொன்னான்.

"விளக்கைப் பாத்து வைத்தியம் பண்ண முடியாது சார். அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"நெகட்டிவ்னு மெஷினே காட்டுதே டாக்டர்."

"உங்களுக்கு அது மெஷினா தெரியுது. எனக்கு அது நீங்க ஒளிஞ்சுக்கற கதவாத் தெரியுது. ஆனி பொறந்தாச்சு. என்னைக்குச் சொல்லப் போறீங்க?"

சொல்லத்தான் நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். ஆனால் சொன்னால் அவள் மருந்து எடுப்பாள், மருந்து குழாயில் இறங்கும், சிவப்பு எரியும். பழி போட இப்போது பையன்களும் இல்லை. மிச்சமிருப்பது ஏழு வீடு, அதில் மூன்று வீட்டில் எழுபதைத் தாண்டிய கிழங்கள். இரண்டே நாளில் சுற்றி வளைத்து அவன் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதெல்லாம் போகட்டும், வசுமதி என்ன செய்வாள்? போய்விடுவாள். அந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்குத் துரோகம் செய்தவனுக்கு இந்தப் பயம் எந்த உரிமையில் வந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. வந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாலை அவள் சமையலறையில் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் போய் நின்றான்.

"வசு."

கத்தி நின்றது. "சொல்லுங்க."

"வந்து..."

"ம். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. மோர் இருக்கா?"

வசுமதி அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மோரை எடுத்துக் கொடுத்தாள். உப்புப் போட மறந்திருந்தாள்.

கரு வைக்கும் நாளுக்கு முந்தைய வாரம் அவனுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே விழிப்பு வந்தது. அடிவயிறு முட்டியது. இரவு நிரம்பிவிட்ட பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். அடுத்த அறையின் கதவு மூடியிருந்தது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்தான். லிஃப்ட் சத்தம் கேட்குமே என்று படியிலேயே இறங்கினான். கார் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு குழல் விளக்கு எரிந்தது.

வேலைக்காரர்கள் கழிவறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இந்த நேரத்தில் யார்? காவலாளி வாசலில் நாற்காலியில் தூங்குவது தெரிந்தது. குமரகுரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றான். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது.

வசுமதி வெளியே வந்தாள். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். கையில் மூடி போட்ட சின்னப் பெயிண்ட் வாளி. கழுவிய ஈரம் அதிலிருந்து சொட்டியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் வாய் தானாகவே ஒரு பொய்யைத் தேடியது. வாக்கிங் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் பார்வை தோளில் தொங்கிய பைக்கும், பையிலிருந்து எட்டிப் பார்த்த பாட்டிலுக்கும் போய் வந்தது.

"மாத்திரை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டாள்.

பக்கத்துக் காரின்மேல் கை ஊன்றினான். "வசு... உனக்கு எப்படி..."

"கரு வைக்கறதுக்கு முன்னாடி மறுபடி எல்லா டெஸ்டும் எடுத்தாங்க. நர்ஸ் என்னைத் தனியா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னாங்க. எனக்கு இப்படி ஒண்ணு வரணும்னா எங்கிருந்து வரும்னு யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலங்க. உங்க கால்ல சுண்ணாம்பு தடவினது ஞாபகம் வந்துது." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அங்கேயே ஊசி போட ஆரம்பிச்சுட்டாங்க. இப்பப் பரவால்ல."

"அப்ப... விளக்கு..."

"நீங்க வெறும் தண்ணியை ஃப்ளஷ் பண்ற சத்தம் எனக்குக் கேக்கும். நானும் அதையேதான் பண்ணிட்டிருந்தேன். உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அவளுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகத் தூங்கியிருந்தான்.

"ஏன் வசு என்கிட்ட கேக்கல? சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் இருந்தேன். கூட்டம் முடிஞ்சு வந்ததும் கேக்கணும்னு இருந்தேன். கூட்டத்துல நீங்க எழுந்து அந்தப் பசங்களைச் சொன்னீங்க." வாளியை இன்னொரு கைக்கு மாற்றினாள். "அவங்கமேல தப்பில்லன்னு தெரிஞ்சே சொன்னீங்க. முகம்கூட மாறல. அப்ப எனக்குப் பயம் வந்துடுச்சு. பக்கத்துல நின்ன பையனைச் சொன்னவர், பையன் இல்லைன்னா யாரைச் சொல்லுவாரு? ஒன்பது வருஷம் குழந்தை இல்லாதவ. பேங்க்ல நாலு ஆம்பளைங்களோட வேலை பாக்கறவ. சொன்னா ஊரே நம்பும்."

"நான் அப்படிச் சொல்லுவேனா வசு?"

"தெரியல. அதான் பயம். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு நாளும் காத்துட்டிருந்தேன். மோர் கேட்டீங்க."

அவன் அழுதான். அவள் சமாதானப்படுத்தவில்லை. கோபப்படவும் இல்லை. அவள் முகத்தில் களைப்பு மட்டும் இருந்தது.

"கரு..." என்றான்.

"உடம்பு சரியானதும் வைக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். யாரோட குழந்தையைச் சுமக்கறோம்னு எனக்குத் தெரியணும்."

படியேறிப் போனாள். அவளுடைய ஈரச் செருப்பின் சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கேட்டு நின்றது. குமரகுரு அங்கேயே உட்கார்ந்திருந்தான். வந்த காரியம்கூட மறந்துபோயிற்று. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெளியே காகங்கள் கத்தத் தொடங்கின. காவலாளி எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்தான்.

அப்போது மேலே, அவர்கள் வீட்டுக் குழாயில், தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. குழாய் அவன் தலைக்குமேல்தான் ஓடியது. அவனே அளந்து மாட்டிய குழாய். இந்த முறை அது வெறும் தண்ணீர் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

லிஃப்ட் அருகே ஓடினான். பிள்ளையார் படத்துக்குக் கீழே பலகை பச்சையாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றான். கருவி தன் வேலையைச் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரம் அவனுக்கு அத்துப்படி. அந்த நேரத்துக்குள் அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இந்த முறை பேசிவிட வேண்டும். முதலில் எதிர்ப்படுகிறவரிடமே சொல்லிவிட வேண்டும். அந்தப் பையன்களைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். அவளுக்குக் கேட்கும்படிச் சொல்ல வேண்டும்.

விளக்கு சிவப்பானது.

முதலில் எதிர்ப்பட்டவர் சபேசன். தலையில் குரங்குக் குல்லா, கையில் கைத்தடி. இந்த ஆனி மாதத்திலும் குல்லா இல்லாமல் நடக்கப் போக மாட்டார். பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன சார் இது அநியாயம்? அவனுங்கதான் போய்த் தொலைஞ்சாச்சே! இப்ப யாரு?"

"எங்க வீடு சார்" என்றான் குமரகுரு. "பி-நாலு. முன்னாடி எரிஞ்சதும் எங்க வீடுதான். அந்தப் பசங்க இல்ல. நான்தான்."

சபேசன் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் நம்பாமை வந்தது. அப்புறம் மெதுவாக ஏதோ புரிந்ததுபோல் ஆனது. கிட்டே வந்து அவன் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"வீட்லயா சார்?"

"இல்ல சார். நான். எனக்கு. என்கிட்டேயிருந்து..."

"புரியுது, புரியுது. வேலைக்குப் போற பொண்ணு. நானும் அப்பப்ப நினைச்சுப்பேன், சொன்னா தப்பாயிடுமேன்னு இருந்துட்டேன்."

"சார், நான்தான்னு சொல்றேன்ல!"

"மெதுவா சார், மெதுவா. நாலு பேர் காதுல விழப் போகுது." சபேசனின் கண்கள் கலங்கியிருந்தன. அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்டாட்டி மானம் போகக் கூடாதுன்னு பழியைத் தன் தலைமேல போட்டுக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்! கவலைப்படாதீங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

பின்னால் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. வசுமதி புடவை மாற்றிக்கொண்டு, கையில் பெட்டியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. வாசலில் அவள் கூப்பிட்டிருந்த ஆளில்லா ஆட்டோ வந்து நின்று, மெல்லிசாக மணியடித்தது.

குமரகுரு அவள் பக்கம் திரும்பினான். "வசு, நான் சொன்னேன். நான்தான்னு சொன்னேன். கேட்டியா?"

"கேட்டேன்" என்றாள் வசுமதி. "அவர் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

சபேசன் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் ஒதுங்கி வழிவிட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நடந்து வாசலுக்குப் போனாள்.